ஏலம் என்று எழுதிய டப்பா

படிவத்தில் பதினோராவது கேள்வி, மலாயில்.
இதற்கு முன் உங்கள் சொத்து ஏதும்
ஏலத்தில் போனதுண்டா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
பட்டர்வொர்த் அலுவலகத்துக் குளிரில்
பேனாவுக்கும் விரல் விறைத்தது.

அவர்கள் மொழியில் இது லெலோங்.
நான் அரைத்து விற்கும் ஏலக்காய் புவா பெலாகா.
அங்கே இரண்டும்
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
தமிழில்தான் இரண்டையும்
ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பாகான் ஆஜாமில் ஒற்றை மாடி, நடு வீடு.
கேட்டில் நோட்டீசு ஒட்டிய அன்று
பக்கத்து வீட்டுக்காரி
"ஏலம் போடப் போறாங்களாம்" என்றது
மகன் காதில் விழுந்துவிட்டது.
இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு.
அடுக்களைக்குப் போனான்,
ஏ, ல, ம் என்று என் கையெழுத்தைக் கண்டான்,
டப்பாவை எடுத்துப் புத்தகப் பைக்குள்
ஒளித்துவிட்டான்.
மறுநாள் ஆசிரியை போன் பண்ணிக் கேட்டார்,
பையில் ஏன் இத்தனை பாயச வாசம்?

முதல் ஏலத்துக்கு ஆள் வரவில்லை.
பத்து விழுக்காடு குறைத்தார்கள்.
இரண்டாவதுக்கும் வரவில்லை.
மேலும் பத்து.
அழுகை நின்று ரோசம் வந்தது எனக்கு.
நான் நின்ற அடுப்படி,
சந்திரகாசன் மூன்று ஞாயிற்றுக்கிழமை
முட்டிபோட்டுப் பதித்த தரை,
யாராவது நல்ல விலைக்குக் கேளுங்களேன் ஐயா!

மூன்றாவதில் போனது.
போயும் தீரவில்லை.
விற்ற காசு கடனை எட்டாமல்
முப்பத்தோராயிரத்து இருநூறு மிச்சம் நின்றது.
வீடு இல்லாதவரும்
வீட்டுக் கடன் கட்டலாம், தெரியுமோ?
கட்டினேன்.
பிறை ஃபிளாட்டின் ஒன்பதாம் மாடியிலிருந்து
இறங்கி இறங்கி,
மாதம் நானூறு, எழுபத்தெட்டு மாதம்.

முதல் வங்கியில் அந்தப் பையன்
கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்,
பிரேதப் பரிசோதனை முடிவு போல.
இரண்டாவதில் தண்ணீர் கொடுத்தார்கள்.
இது மூன்றாவது.
"ஆம்" கட்டத்தில் கோடு போட்டேன்,
கொஞ்சம் அழுத்தி. பின்பக்கம் தெரிந்தது.

புவான் ஹஸ்லிண்டா ஏலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
ரசீதுக் கட்டின் ரப்பரைக் கழற்றி
ஒவ்வொன்றாய்ப் புரட்டினார்.
சில மை வெளிறி வெறுந்தாள்.
நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.
"இந்த மாதம் மட்டும் ஏன் முந்நூற்றைம்பது?"
மகனுக்குப் பல் பிடுங்கினோம், என்றேன்.
அடுத்த தாளைத் திருப்பினார்.
நானூற்றைம்பது.
ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால்
ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.
அந்தப் புள்ளியை
எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றியது.

பிறகு வியாபாரம் பேசினோம்.
எத்தனை கடைக்குப் போடுகிறீர்கள்? பதினேழு.
வீட்டு மிக்சியிலா அரைக்கிறீர்கள்?
நாலு மிக்சி எரித்துவிட்டேன், புவான்.
சிரித்தார். உடனே அதை எழுதியும் கொண்டார்.
சிரித்ததற்கா எழுதியதற்கா
எதற்குப் பயப்படுவதென்று தெரியவில்லை.

இருபத்தையாயிரம் கேட்டிருந்தேன்.
மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
பன்னிரண்டாயிரம்.
கடிதத்தை இரண்டு தடவை படித்த சந்திரகாசன்
மூன்றாம் தடவை
கவரையும் படித்தார்.

அரவை எந்திரம் பதினாறாயிரத்து எண்ணூறு.
மகனுக்கு இப்போது மீசை அரும்புகிறது,
கால்குலேட்டரைத் தட்டாமலே சொன்னான்:
"நாலாயிரத்து எண்ணூறு இடிக்குதேம்மா."

இடிக்கட்டும்.
அந்த டப்பாவைத் திறந்து
தேநீருக்கு இரண்டு காய் நசுக்கினேன்.
மூடியில் எழுத்து பாதி அழிந்து
ஏ மட்டும் நிற்கிறது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.
எனக்கு எண் வேறு மாதிரி வரும், மகனே.
அது நாலாயிரத்து எண்ணூறு இல்லை,
பன்னிரண்டு நானூறு.